புகைக்குழாயில் ஈரச்சாக்கு

ஆத்மநாதன் வீட்டில் பால் காய்ச்ச விறகடுப்பைப் பற்றவைத்தபோது நான் மதில் மேல் இருந்தேன், கையில் ஈரச்சாக்கோடு.

ஆத்மநாதன் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். குவைத்தில் சம்பாதித்து, அரிமளத்தில் எங்கள் கீற்று வீட்டை ஒட்டி மாடி வீடு கட்டியிருக்கிறார். பிளானில் எங்கள் பக்கம் இடம் விட்டிருந்தார்கள். கட்டும்போது சுவர் மதிலோடு வந்து நின்றது. பங்காளிதானே என்று விட்டேன். அதற்குப் பிறகு அடுப்பின் புகைக்குழாயையும் சுவரில் துளைபோட்டு என் கூரையைப் பார்க்க நீட்டிவிட்டார். மேலே ஏற்றினால் தளம் ஒழுகுமாம். போன வாரம் அடுப்பை எரித்துப் பார்த்தபோது பறந்த பொறியில் ஒரு முழம் கீற்று கருகிவிட்டது. நல்லவேளை, வீட்டில் இருந்தேன். குடத்துத் தண்ணீரை வீசி அணைத்தேன்.

அன்றே போய்க் கேட்டேன்.

"கூரைய மாத்துங்க அண்ணி. இந்தக் காலத்துல யாரு கீத்து வீட்டுல இருக்கா?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெருப்பு அவருடையது, மாற வேண்டியது நானாம். பிளான் போட்ட இஞ்சினியரிடம் சொன்னேன். "பாக்கலாங்க" என்றார். எரிந்த பிறகு பார்க்க என்ன இருக்கும், சாம்பல்தான்.

பங்காளி வீட்டு விசேஷத்துக்குப் போகாவிட்டால் ஊர் பேசும். நானும் போனேன், ஏணி போட்டு மதில் வரைக்கும்.

சாக்கைக் குழாய்க்குள் திணித்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருமல் கேட்டது. சொந்தபந்தமெல்லாம் பட்டுச்சேலையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்கொல்லைக்கு ஓடிவந்தது. ஆத்மநாதன் கண் சிவக்க எங்கள் பக்கம் சுற்றி வந்தார்.

"நல்ல காரியத்துல ஏன் இப்புடிப் பண்றீங்க? எறங்குங்க அண்ணி."

"ஒங்க பொகையில ஒங்களுக்கு மட்டுந்தான் கண்ணு எரியுமோ தம்பி? கொழாய மேல ஏத்துறேன்னு சொல்லுங்க, எறங்குறேன்."

அவர் ஏணியைப் பிடுங்கித் தூரப் போட்டார்.

"அப்ப அங்கிட்டே இருங்க."

"இருக்கேன்."

உள்ளே தணலில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவர் மனைவி புவனேஸ்வரி பால் பானையோடு வெளியே வந்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மிஞ்சிக் கிடந்த செங்கல் மூன்றைக் கொல்லை நடுவில் கூட்டி, என் கூரைக்கு எட்டாத தூரத்தில் தீ மூட்டினாள். ஆத்மநாதன் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

பால் பொங்கி மண்ணில் வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். மதில் மேலிருந்து நானும் போட்டேன், எல்லாரையும்விடச் சத்தமாக. முதுகில் குழாய் இன்னும் சுட்டது. நான் நகரவில்லை.