மேல்வரிசை

முனீஸ்வரி கணவனின் தாடியில் ஒட்டியிருந்த ரப்பர் பாலை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள். நேற்றே காய்ந்துவிட்டது. இழுத்தால் நூலாக நீண்டு, முடியோடு வந்தது. ஆஸ்பத்திரியில் சுற்றிக் கொடுத்த வெள்ளைத் துணிக்கு வெளியே சுருளிராஜனின் முகம் மட்டும்தான் தெரிந்தது.

"விடுங்க மதினி. அண்ணனுக்கு வலிக்கப்போகுது" என்றாள் பவானி. சொன்ன பிறகுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு எண்ணெய் எடுக்க உள்ளே போனாள்.

மூவரும் கூடலூரிலிருந்து தினமும் ஜீப் ஏறி, குமுளிக்கு அப்பாலுள்ள ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போகிறவர்கள். மேட்டிலிருந்த மேல்வரிசை மரங்கள் சுருளிராஜனின் பங்கு. சித்திரையில் அங்கே ஒரு மரத்தடியில் மண்ணை விலக்கிக் கத்தியால் குத்திப் பார்த்தான். ஈரப் பஞ்சில் இறங்குவதுபோல் இறங்கியது. பக்கத்து இரண்டு மரங்களிலும் இலை பழுத்திருந்தது.

"அழுகல் வேரு வழியாப் பரவுது. மூணையும் வெட்டிட்டு, சுத்திக் குழியெடுக்கணும்" என்று மேஸ்திரி கர்ணனிடம் பலமுறை சொன்னான்.

"பால் வருதுல்ல? மழை முடியட்டும்" என்றான் கர்ணன்.

இப்போது கர்ணன் மாலையோடு வந்திருந்தான். போட்டுவிட்டு முனீஸ்வரியின் அருகே குத்தவைத்து உட்கார்ந்தான்.

"அக்கா, நாளைக்கு ஸ்டேஷன்ல இருந்து எழுதிக்க வருவாக. பெருங்காத்துல நல்ல மரம் சாஞ்சு அண்ணன் மேல விழுந்துருச்சுன்னு சொல்லிருங்க. வேற பேச்சு வேணாம்."

"அந்த மரம் எங்க?"

"காலையிலயே அறுத்து லாரியில ஏத்தியாச்சு."

"பக்கத்துல இருந்த ரெண்டும்?"

கர்ணன் தரையைப் பார்த்தான். "அது நிக்கிது. காரியம் முடியட்டும். மேல்வரிசைய பவானிக்கே குடுக்கச் சொல்லி தோட்டத்து ஆபீசுல சொல்லிட்டாக. அண்ணன் வெட்டுனது தங்கச்சிக்கே இருக்கட்டும்னு."

இரக்கத்தோடுதான் சொன்னான்.

நேற்றுப் பத்து மணிக்கே வானம் இருண்டுவிட்டது. மழை விழுந்தால் மரத்தில் கட்டிய சிரட்டையில் தண்ணீர் நிரம்பி, வடிந்த பாலெல்லாம் வீண். சுருளிராஜன் வாளியோடு இறங்கி வந்து, "அந்த மூணு மரத்துப் பால மட்டும் எடுக்காம விட்டுட்டேன். காத்து சரியில்ல" என்றான். "வெட்டுனது வீணாப் போகவா? ஒரு எட்டுப் போயி எடுத்துட்டு வந்துருங்க" என்று சொன்னது முனீஸ்வரிதான். வாளியைக் காலி செய்து எடுத்துக்கொண்டு மேலே ஏறினான். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பவானி எண்ணெய்க் கிண்ணத்தோடு வெளியே வந்தாள்.

"பவானி, அந்த வரிசைக்கு நீ போகாத."

"எந்த வரிசைக்கு மதினி?"

"மேல்வரிசைக்கு. மிச்சம் நிக்கிற ரெண்டு மரமும் அடி அழுகிருச்சு. ஒங்கண்ணன் இவருகிட்ட எத்தனையோ தடவ சொன்னாக. ஸ்டேஷன்லயும் நான் இதத்தான் சொல்லப்போறேன்."

கர்ணன் எழுந்தான். "அழுகுனதுன்னு தெரிஞ்சா, அந்தக் காத்துல எதுக்குப் போனாக?"

ஒப்பாரி வைத்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். முனீஸ்வரி பவானியைப் பார்த்தே சொன்னாள்.

"நாந்தான் போகச் சொன்னேன்."

கிண்ணம் சாய்ந்து எண்ணெய் பவானியின் காலில் வழிந்தது. அவள் குனியவில்லை. கர்ணன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியேறினான். யாரோ ஒருவர், "நேரமாகுது, தூக்குங்கப்பா" என்றார்.

தெருமுனையில் பெண்கள் நின்றுவிட்டார்கள். கொட்டுச் சத்தம் திராட்சைத் தோட்டங்களைத் தாண்டிப் போய்க் கரைந்தது. திரும்பும்போது பவானி முன்னால் நடந்தாள். ஒருமுறைகூடப் பின்னால் பார்க்கவில்லை.

குழாயடியில் ஒவ்வொருத்தியாகக் குளித்துப் போனார்கள். முனீஸ்வரி நிறைந்த குடத்தின் முன் நின்றாள். கை எழவில்லை.

போன பவானி திரும்பி வந்தாள். குடத்தைத் தூக்கி முனீஸ்வரியின் தலையில் ஊற்றினாள். முகத்தைப் பார்க்கவில்லை. ஊற்றி முடித்து, காலிக் குடத்தை மறுபடியும் குழாய்க்குக் கீழே வைத்தாள்.