கொட்ட வேண்டிய தண்ணீர்

காலையில் மருந்தறையைத் திறந்ததும் எனக்கு முதல் வேலை பியூரெட்டைக் கழுவுவது. அளவுக்கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாய், அடியில் ஒரு திருகு. தண்ணீரில் இரண்டு தரம் அலசிவிட்டு, அன்றைக்கு அளக்கப்போகிற மருந்தையே கொஞ்சம் ஊற்றி உள்ளே நனைத்துக் கொட்டிவிட வேண்டும். பிறகு நிரப்பித் திருகைச் சட்டென்று திறந்தால், நுனியில் மாட்டிய காற்றுக் குமிழி வெளியேறும். குமிழி நின்றுவிட்டால் அளவு பொய். ஒருநாளும் நான் இதில் பிசகியதில்லை. சவுந்தரம் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியது இதில்தான். நாசமாய்ப் போனதும் இதில்தான்.

போன கோடையில் திருச்சுழிப் பக்கம் கண்மாயெல்லாம் வெடித்துக் கிடந்தது. ஊர் ஊராகக் காலரா. ஆஸ்பத்திரியில் கை கழுவவும் தரை துடைக்கவும் கிருமி கொல்லும் சவ்வீரத் தண்ணீர் கலக்கி மாளவில்லை. சவ்வீரம் கொடிய விஷம், கரைத்துவிட்டால் பார்வைக்குக் கிணற்றுத் தண்ணீர். அதனால் நீலச் சாயம் சேர்த்து வைப்போம். யுத்தத்தில் சாயம் வருவது நின்றுபோயிற்று.

பியூரெட்டை நனைத்த சவ்வீரத் தண்ணீரைக் கொல்லைக் குழியில் கொட்டுவதுதான் முறை. தண்ணீரைக் கொட்ட எங்கள் ஊர்க்காரிக்குக் கை வருமா? ஒருநாள், தரை துடைக்க ஆகட்டுமே என்று பீங்கான் கிண்ணத்தில் பிடித்து வைத்தேன்.

பெருக்குகிற கருத்தம்மாள் பாலவனத்தத்திலிருந்து வெயிலில் நடந்து வந்திருந்தாள்.

“கம்பவுண்டரம்மா, இந்தத் தண்ணிய எடுத்துக்கிறட்டுமா?”

நான் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பாமல், “எடுத்துக்க” என்றேன். துடைக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

மத்தியானம் வாந்தியும் பேதியுமாக அவளைக் காலராக் கொட்டகைக்குத் தூக்கிப் போனார்கள். காலரா என்று எழுதினார் டாக்டர். அப்போதுதான் பார்த்தேன், கிண்ணம் காலி, தரை துடைக்காமலே கிடந்தது. சொல்லியிருந்தால் விஷத்தை முறிக்க முட்டை வெள்ளையாவது கொடுத்துப் பார்த்திருப்பார்கள். பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். விடியுமுன் செத்துப்போனாள்.

அன்றிலிருந்து குமிழி களக்கென்று வெளியேறும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் யாரோ தண்ணீர் விழுங்குகிறார்கள். திரும்பினால் அறை காலி. கிண்ணத்தை உடைத்துப் புதைத்தும் பார்த்தேன். கோயிலில் நற்கருணைக் கிண்ணம் என் முறைக்கு வரும்போதும் அந்தச் சத்தம் கேட்கிறது. எழுந்து வந்துவிடுகிறேன்.

இன்று கருத்தம்மாள் வேலைக்கு அவள் தங்கை முத்துத்தாய் வந்தாள். குரல் அக்காளுடையதேதான். பியூரெட்டை நனைத்த தண்ணீரோடு நான் குழிக்குக் கிளம்பியதும் வழியில் வந்து நின்றாள்.

“இம்புட்டுத் தண்ணியக் கொட்டப் போறீகளா? நான் எடுத்துக்கிறட்டுமா, கம்பவுண்டரம்மா?”

குழிக்குள் கொட்டிவிட்டுத்தான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

“வெசம், முத்துத்தாயி. ஒங்கக்கா இப்படித்தான் கேட்டா. நான் எடுத்துக்கன்னுட்டேன். அவளுக்குக் காலரா இல்ல.”

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நின்றேன். அவள் ஈரக் குழியருகே குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“காலரான்னுதான எங்காத்தாவக் கிட்ட விடல. ராவெல்லாம் அக்கா தண்ணி தண்ணின்னு கெடந்தா. ஒரு வாய் குடுக்க விடல,” என்றாள். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப குடுத்திருக்கலாமா?”