கேட்டடி மாடன்

ஏஜெண்டு வீட்டை விற்கப் போகிறார்கள் என்ற சேதி காதில் விழுந்தபோது சண்முகசுந்தரி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். வண்ணார்பேட்டையில் பதினெட்டு வருசமாகக் கடை போடுகிறவள். ஒரு தோசையைத் தீய விட்டதில்லை. அன்றைக்குத் தீய்ந்தது.

சேதியைக் கொண்டுவந்தவர் வீட்டுத் தரகர் பாவா. "எதுத்த வீடு முடிஞ்ச மாதிரிதான் சுந்தரி. நாகர்கோவில்காரர் ஒருத்தர் இடிச்சிட்டு லாட்ஜ் கட்டப் போறாரு. உனக்கு யோகம்தான். ரூம் எடுக்கவன்லாம் உன் கடையிலதான் வந்து விழுவான்."

"அந்த வீட்டு ஐயா எங்க போறாராம்?"

"பெங்களூருக்கு. மவ வீட்டுல ராசா மாதிரி இருக்கப் போறாரு."

ராசா மாதிரி! பாவா நல்ல மனுசர், சூதுவாது தெரியாமல் சொல்லிவிட்டுச் சாம்பாரை ஊற்றிக்கொண்டார். சண்முகசுந்தரி தீய்ந்த தோசையைச் சுரண்டி வீசி எறிந்தாள்.

ஒருகாலத்தில் ஏஜெண்டு வீடு என்றால் ஆற்றுப்பாலத்தில் வரும்போதே தெரியுமாம். வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் பஞ்சு வாங்கிக் கொடுத்த ஏஜெண்டு கட்டிய வீடு. பன்னிரண்டு தூண், பர்மாத் தேக்கில் மாடிப்படி, சன்னலெல்லாம் கலர்க் கண்ணாடி. இந்தத் தொண்ணூற்றாறில் அதைப் பார்த்தால் சிரிப்பாகத்தான் இருக்கும். இடப்பக்கம் ஐந்து மாடி லாட்ஜ், வலப்பக்கம் பிரசவ ஆஸ்பத்திரி, காம்பவுண்டுச் சுவரை இடித்து ஒரு எஸ்.டி.டி. பூத்து. மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். காலையிலிருந்து பொழுது சாயும்வரை தடதடவென்று ஒரே சத்தம். கண்ணாடி போன சன்னல்களில் கேபிள் டிவி ஒயர் தொங்கியது. மாடப்புறா எச்சம் விழாத இடம் அந்த வீட்டில் இல்லை. வாசல் இரும்புக் கேட்டு மட்டும் அப்படியே நின்றது.

அந்தக் கேட்டில்தான் அவள் அப்பா பூதத்தானைக் கட்டிப் போட்டு அடித்தார்கள்.

அறுபத்தெட்டாம் வருசம். பூதத்தான் அந்த வீட்டு வில்வண்டிக்காரர். பெரிய ஏஜெண்டின் வைரக் கடுக்கன் காணாமல் போனது. வீட்டு மகன் சங்கரசுப்பிரமணியன், காலேஜில் படித்துக்கொண்டிருந்தவன், "எனக்குப் பூதத்தான் மேலதான் சந்தேகமா இருக்கு" என்று வாயைத் திறந்தான். அவ்வளவுதான். உச்சி வெயிலில் கேட்டுக் கம்பியோடு சேர்த்துக் கட்டினார்கள். மாட்டுக்கு வைத்திருந்த சாட்டையாலேயே அடித்தார்கள். பன்னிரண்டு வயதுச் சுந்தரி எதிர்ச்சாரியில் நின்று அதைப் பார்த்தாள். பிறகு போலீசில் பிடித்துக் கொடுத்தார்கள், மூன்று மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்த மனுசருக்கு ஊரில் ஒருத்தனும் வேலை கொடுக்கவில்லை. புன்னக்காயலுக்குப் போய்ப் படகுத்துறையில் மூட்டை தூக்கினார். அங்கேயே செத்தார். கடுதாசி வந்து சேர்ந்தபோது முப்பது நாள் ஆகியிருந்தது. கொள்ளி போட்டது யாரோ முன்பின் தெரியாதவர்கள்.

கடுக்கனை யார் எடுத்தது என்று தெருவுக்கே தெரியும். சீட்டாட்டத்தில் மகன் தோற்ற கதையைச் சலவைக்காரர் முதல் பால்காரர் வரை குசுகுசுத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். பெரிய வீட்டு விசயம் என்றால் அந்த மூடி எங்கிருந்தோ வந்துவிடுகிறது! ஒருத்தரும் சத்தமாகச் சொல்லவில்லை.

சண்முகசுந்தரி வேறெங்கும் போகாமல் அந்த வீட்டுக்கு எதிரிலேயே கடை போட்டது சும்மா இல்லை. இப்போது வீட்டுக்குச் சொந்தக்காரனாகிவிட்ட அந்த மகன் முகத்தில் தினமும் விழிக்க வேண்டும், அவனும் விழிக்க வேண்டும் என்றுதான். ஒருதரம் நேருக்கு நேர் கேட்டும் பார்த்தாள். "எங்கப்பா களவாங்கலைன்னு நாலு பேரு கேக்க ஒரு வார்த்தை சொல்லிருங்க ஐயா, போதும்." அந்த ஆள் பல்லைக் குத்திக்கொண்டே, "பழசையெல்லாம் எதுக்குட்டி கிளறுத? நாலு இட்லி கட்டு" என்றான். கட்டிக் கொடுத்தாள். அந்த நாலு இட்லி அவள் நெஞ்சில் இன்னும் செரிக்காமல் கிடந்தது.

அவளுக்கு வீடு வேண்டாம், நிலம் வேண்டாம். அந்த ஒரு வார்த்தை வேண்டும். அதைச் சொல்லாமல் அவன் பெங்களூருக்குப் போய் ராசா மாதிரி உட்காரக் கூடாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, உச்சிப்பொழுது. மாடன் சாமி நடமாடும் நேரம் என்று தெரு வெறிச்சோடிக் கிடந்தது. டைப்ரைட்டிங் பிள்ளைகள்கூடச் சாப்பிடப் போயிருந்தார்கள். சண்முகசுந்தரி அன்னக்கூடையில் ஆறு செங்கலும் குழைத்த மண்ணும் கொண்டுபோனாள். கேட்டின் அடியில் கல்லை அடுக்கி, மண்ணைப் பூசி, மேலே குறுகிப் போகிற மாதிரி ஒரு முழ உயரத்துக்குப் பீடம் வைத்தாள். சுண்ணாம்பு அடித்து, செங்காவியில் பட்டை தீட்டி, அரளிப்பூ மாலையைப் போட்டாள். நம்ம பக்கத்தில் மாடன் பீடம் ஒன்று முளைத்துவிட்டால் அதை எடுக்க எவனுக்குத் தைரியம் வரும்? எந்தப் பேயன் அந்த வீட்டை வாங்குவான்? வீட்டை விற்க விடாமல் முடக்க வேண்டும், விற்ற காசு இல்லாமல் அவன் பெங்களூருக்கு நகர முடியாது, அவ்வளவுதான் அவள் கணக்கு. பிறகு கடைக்கு வந்து கையைக் கழுவினாள். நாலு மணிக்குத் தெரு கூடியபோது மற்றவர்களைவிடச் சத்தமாக, "எம்மா! இதென்ன கூத்து!" என்றாள்.

ஆனால் அவள் நினைக்காதது ஒன்று நடந்தது.

ஆட்டோ ஸ்டாண்டுத் தலைவர் இசக்கியப்பன் பீடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல வயசாளி. பழைய கதை எல்லாம் தெரிந்தவர். பைய வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "ஏலே, இது பூதத்தானைக் கட்டி அடிச்ச இடம்லா. அவருதான்லே வந்து உக்காந்திருக்காரு."

கூட்டம் அப்படியே செருப்பைக் கழற்றியது. அநியாயமாக அடிபட்டுச் செத்தவன் அடிபட்ட இடத்துக்கே தெய்வமாக வந்து நிலைகொள்வது இந்த மண்ணில் புதிதா என்ன? சண்முகசுந்தரிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவள் ஏதோ ஒரு மாடனைத்தான் வைத்தாள். கொள்ளிகூடப் போட முடியாத அப்பாவுக்குத் தெரு கோயில் கொடுத்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டபோது அவள் விட்ட கண்ணீரில் ஒரு சொட்டுக்கூடப் பொய்யில்லை.

அன்றிலிருந்து பேர் கேட்டடி மாடன். பிரசவ ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் சூடம் கொளுத்தினார்கள், ஆட்டோக்காரர்கள் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை நாகர்கோவில்காரர் அட்வான்சோடு காரில் வந்தார். கேட்டடியில் கால் வைத்ததும் பீடத்தைப் பார்த்தார். பாவா என்னவோ சமாளித்தார். அந்த மனுசர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமி ஒத்துக்கிட்டா நாம பேசுவோம்" என்று காரில் ஏறிவிட்டார்.

சங்கரசுப்பிரமணியன் குதித்தார். "பி.ஏ. படிச்சவன்வே நான்! செங்கல்லுக்குப் பயப்படவா?" கொத்தனார்களைக் கூப்பிட்டார், வரவில்லை. கடைசியில் தானே கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தெருவே நின்று பார்த்தது. ஒருத்தரும் தடுக்கவில்லை, அதுதான் அவரைக் கலக்கியது. கடப்பாரை அந்தரத்திலேயே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அதைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போனார். சண்முகசுந்தரி கடைக்குள்ளே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

வழி சொன்னவர் இசக்கியப்பன்தான். "மேளம் வச்சு, கிடா வெட்டி, சாமிக்குக் கொடை கொடுங்க அண்ணாச்சி. சாமி எறங்கி உத்தரவு கொடுத்துட்டா, கோமரத்தாடி கையால இங்கனருந்து பிடிமண் எடுத்து ஆத்தங்கரையில பீடம் வச்சிருவோம், சாமியும் அந்த மண்ணோட அங்க போயிரும். பொறவு வீட்டை நீங்க என்னவும் செஞ்சுக்கிடலாம்."

சாமி வந்து ஆடுகிற கோமரத்தாடி யார் என்று யாரும் கேட்கவில்லை. அப்பன் மகள் மேல்தானே வருவான்!

சங்கரசுப்பிரமணியன் செலவு பூராவையும் ஏற்றுக்கொண்டார். ஒரு மேளம், ஒரு கிடா, ஒரு மத்தியானம், முடிந்தால் பெங்களூர். அவர் போட்ட கணக்கு அது.

ஆடி மாதம் கடைசிச் செவ்வாய் உச்சிக்கொடை. நையாண்டி மேளம் காதைப் பிளந்தது. டைப்ரைட்டிங் பிள்ளைகள் மாடிச் சன்னலில் நெருக்கியடித்து நின்றார்கள். லாட்ஜ் மாடி நிறையத் தலை. சண்முகசுந்தரி மஞ்சள் நீரில் நனைந்து கேட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். என்ன பேச வேண்டும், எப்போது பேச வேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். சாமியாட்டத்தைப் பிறந்ததிலிருந்து பார்த்தவள், ஆடவா தெரியாது? ஆனால் மேளம் உச்சத்துக்குப் போனபோது, அவள் ஆடலாம் என்று நினைப்பதற்கு முன்பே கால் ஆட ஆரம்பித்துவிட்டது.

"ஏலே சங்கரா!"

இருபத்தெட்டு வருசமாக ஐயா, ஐயா என்று கூப்பிட்ட வாய். அந்த 'லே' வெளியே வந்தபோது அவளுக்கு என்ன ஒரு குளிர்ச்சி! மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஏஜெண்டு வீட்டு வாரிசு நடுத்தெருவில் கைகட்டி வந்து நின்றது.

"ஐயா, தெரிஞ்சோ தெரியாமலோ எங்க குடும்பத்துல தப்பு ஏதும் நடந்திருந்தா…"

"ஏதும் நடந்திருந்தாவா? என்னலே வக்கீல் பேச்சு பேசுத! கடுக்கனை எடுத்தது யாருலே?"

மேளக்காரர் கையை நிறுத்திவிட்டார். சங்கரசுப்பிரமணியன் சுற்றிப் பார்த்தார். பூத்து வாசலில் நின்ற பாவா தலையைக் குனிந்துகொண்டார். இசக்கியப்பன் மட்டும், "சொல்லிருங்க அண்ணாச்சி. சாமி கேக்குது" என்றார்.

"நான்தான்."

"தெருவுக்குக் கேக்கலை!"

"நான்தான் எடுத்தேன்!" குரல் உடைந்து கத்தினார். "சீட்டுல விட்டுட்டேன். அப்பா தோலை உரிச்சிருவாருன்னு பயந்து பூதத்தான் பேரைச் சொன்னேன். பூதத்தான் எடுக்கலை. அவரு இந்த வீட்டுல ஒரு துரும்பைக்கூட எடுக்கலை." அப்படியே பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு, ஐம்பது வயது மனுசர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வந்துவிட்டது. இத்தனை வருசம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து காத்துக் கிடந்த வார்த்தை வந்துவிட்டது. தெருவே கேட்டது. கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

உண்மையை ஒப்புக்கொண்டவனுக்குச் சாமி திருநீறு போட வேண்டும், அது வழக்கம். போடக் கூடாது என்று அவள் முன்கூட்டியே முடிவு பண்ணியிருந்தாள். தட்டைத் தட்டிவிட்டுக் காறித் துப்ப வேண்டும் என்று வாயில் எச்சிலைக்கூடக் கூட்டிவிட்டாள். ஆனால் கை தட்டுக்குள் போனது. அள்ளியது. அந்த நெற்றியில் பூசியது. அவள் வாயிலிருந்தே, "எய்யா, அழாத" என்று வந்தது. பள்ளிக்கூடத்துக்கு வில்வண்டியில் தூக்கி வைத்துக் கொண்டுபோகும்போது பூதத்தான் அந்தப் பையனை அப்படித்தான் கூப்பிடுவார். சண்முகசுந்தரிக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. அவ்வளவு அடியும் பட்டுச் செத்துப்போயும் இந்த மனுசருக்குப் புத்தி வரவில்லையே!

கொடை முடிந்தது. கிடாக்கறிச் சோற்றுக்குக் கூட்டம் இலை போட்டு உட்கார்ந்தது. சண்முகசுந்தரி கடை வாசலில் ஈரச்சேலையோடு செம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். சங்கரசுப்பிரமணியன் வந்தார். அழுது தெளிந்த முகம். நெற்றி நிறையத் திருநீறு. நல்ல மழையில் குளித்தவர் மாதிரி இருந்தார். பின்னால் பாவா. முக்கில் நாகர்கோவில்காரரின் கார் தயாராக நின்றது.

"உத்தரவு கெடச்சாச்சுலா தாயி. ஒரு பிடிமண் எடுத்துக் கொடுத்துட்டேன்னா இன்னைக்கே ஆத்தங்கரையில வச்சிரலாம்."

அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

"திருநீறு போட்டது எங்கப்பா. அவரு மனசு அப்படி. பிடிமண் எடுக்க வேண்டியது என் கை. நான் எதுத்தாப்புல நின்னு பாத்த பிள்ளை வே. எனக்கு மனசு வரலை."

பாவாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வீட்டு ஆளிடம் இந்தத் தெருவில் யாரும் 'வே' போட்டுச் சமமாகப் பேசியதில்லை. சங்கரசுப்பிரமணியன் ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"அதான் எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டேனே. இன்னும் என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்."

"பொறவு எப்பதான் மனசு வரும்?"

"தெரியலையே. எங்கப்பா புன்னக்காயல்ல உக்காந்து, எப்ப ஊருக்குக் கூப்பிடுவாவன்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. நீரும் இங்கன இருந்து பாரும். அந்தக் கேட்டையும் பாத்துக்கிட்டு இரும்."

பாவா காருக்குப் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். கார் புறப்பட்டுப் பாலத்துப் பக்கம் போனது. சங்கரசுப்பிரமணியன் அது போன திசையையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு பீடத்தைச் சுற்றிக்கொண்டு, வேட்டி நுனி அதில் படாமல் ஒதுங்கி, வீட்டுக்குள் போனார். சண்முகசுந்தரி உள்ளே போய்ச் சாயங்காலத்துக்கு மாவு ஆட்ட உட்கார்ந்தாள்.