அறுபத்தேழாம் பக்கத்து வரி

“அன்னைக்கு நீ படிச்சுக்கிட்டு இருந்தியே, அதுல என்னதான்டி போட்டிருக்கு?” என்று கேட்டாள் அம்மா. என் பொருளாதாரப் புத்தகத்தை மடியில் தலைகீழாக வைத்திருந்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. தங்கச்சி ரோஜா போய் அன்றோடு நாற்பத்தொரு நாள்.

அறுபத்தேழாம் பக்கத்தில் பென்சில் கோடு போட்ட ஒற்றை இங்கிலீஷ் வரிக்காகத்தான் ரோஜா போன அன்று நான் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் தமிழில் அர்த்தம் எழுதி வைத்திருந்தேன். சொல்லெல்லாம் தெரிந்தது, வரி மட்டும் பிடிகொடுக்கவில்லை. திங்கட்கிழமை டெஸ்ட். விருதுநகர் காலேஜில் மேடம் அதை இரண்டு தரம் வாசித்து, இம்பார்ட்டன்ட் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். மகராசி, அவருக்காவது விளங்கியதோ என்னவோ.

சனிக்கிழமைகளில் நான் எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசு ஆபீசுக்குப் போவேன். அது 2006 தீபாவளி சீசன். லீவு போட்டால் இடம் போய்விடும். பதிலாள் அனுப்ப வேண்டும். நம் பேரைக் கூப்பிடும்போது பதிலாள் ‘இருக்கேன்’ என்று சொல்லி, நம் இடத்தில் உட்கார்ந்து திரி சொருக வேண்டும். போர்மேன் ஊர்க்காவலன் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். ரோஜாவுக்குப் பதினேழு வயது. அவள் பேரில் அவளைச் சேர்க்கவும் மாட்டார்கள்.

எனக்குப் பதிலாகப் போகச் சொன்னதற்கு அவள் மாட்டேன் என்றாள். அது அம்மாவுக்குத் தெரியாது. அதற்கு முன்பே அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குக் கிளம்பிப் போயிருந்தாள். “பயமா இருக்குக்கா” என்றாள் ரோஜா. தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. “ஒரு நா போனா செத்தா போயிருவ?” என்றேன். என் நாக்கு அழுகிப் போக.

பதினோரு மணிக்கு வெடித்தது. எழில் போயிட்டா என்றுதான் ஊருக்குள் சேதி வந்தது. அங்கே கூப்பிட்டது என் பேரைத்தானே. சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தவள் புத்தகத்தோடு அப்படியே நின்றிருந்தேன். அம்மா தலைவிரிகோலமாய் ஓடி வந்து என்னைப் பார்த்தாள். கட்டிப்பிடித்து, முகமெல்லாம் முத்தி, சிரித்தாள். “மாரியாத்தா, எம்புள்ளயத் திருப்பிக் குடுத்துட்டியே” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். “ரோஜா எங்கடி? சூடம் வாங்கியாரச் சொல்லு” என்றாள்.

“சொல்லுடி” என்றாள் அம்மா இப்போது.

“ஒரு காட்டுல பருத்தி போட்டா மொளகா போட முடியாதுல்லம்மா. பருத்திக்கு ஆன செலவு வெதையும் ஒரமும் மட்டும் இல்லையாம். போடாம விட்ட மொளகாயும்தானாம். ஒண்ண வச்சுக்கிடுறதுக்காக எத விட்டமோ, அதுதான் அதுக்கு வெலையாம்.”

சொல்லச் சொல்ல எனக்கே விளங்கிவிட்டது. பாவி வரி, அன்று அம்புட்டு நேரம் மல்லுக்கட்டியும் வராதது, கேட்காத நேரத்தில் வந்து நின்றது. அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

“அவ மாட்டேன்னாம்மா. நாந்தான் வெரட்டி அனுப்புனேன்.”

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அம்மா புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் சிரிச்சேன்லடி” என்றாள். “ஒன்னையப் பாத்ததும் சிரிச்சேன்ல. சாமி கும்பிட்டேன்ல. அந்நேரம் அவளுக்கு உசுரு இருந்துச்சா?”

யாருக்கும் தெரியாது. அம்மா புத்தகத்தை என்னிடம் நீட்டினாள்.

“அத இங்கிலீசுலயே ஒருக்கச் சொல்லு.”

ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். அம்மா ஒவ்வொன்றையும் நாக்கு இடற இடறத் திருப்பிச் சொன்னாள். வரி முடிந்தது. நான் நிறுத்திவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, முதல் சொல்லிலிருந்து மறுபடி தொடங்கினாள்.