ஊற்றி முடியும் வரை

"போனை வைக்காதே, சொல்றதைக் கேளுடா!" என்று அக்கா கத்தி முடிப்பதற்குள் தம்பி வைத்துவிட்டான்.

கூடத்தில் குளிர்பெட்டிக்குள் அம்மா படுத்திருந்தாள். விடிகாலையில் மூச்சு நின்றது. வாசலில் அமரர் ஊர்தி வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

"என்னவாம் துரைக்கு?" என்றாள் சித்தி.

"ஊத்த ஆரம்பிச்சுட்டாங்களாம். முடியற வரைக்கும் நகர முடியாதாம்."

"அப்படி என்னத்தத்தான் ஊத்துறான்?"

காலையிலிருந்து வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அக்காவுக்கு வாய் வலித்தது. தம்பிக்கு எஃகு ஆலையில் வேலை. உருக்கிய எஃகில் வாயு கலந்திருக்கும். அப்படியே வார்த்தால் இறுகிய கட்டிக்குள் விரிசல் விடும். அதனால் பெரிய தொட்டியை இறுக மூடி, உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு, அதற்குள்தான் அச்சில் ஊற்றுவார்கள். நடுவில் காற்று புகுந்தால் அத்தனையும் பாழ். எஃகு விழும் வேகத்தைக் கூட்டிக் குறைப்பவன் தம்பி. மாற்றாள் லீவு.

"பஸ் ஓட்டுறவன்கூட ஓரங்கட்டிட்டு ஓடி வந்துருப்பான். பெத்தவளைவிட இரும்பு பெருசாப் போச்சா?"

"அதை அவன்கிட்டக் கேளுங்க சித்தி. என் உயிரை ஏன் வாங்குறீங்க?"

அவளுக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் இதே பல்லவி, இதோ ஊத்தி முடிச்சுட்டு வரேன் என்று. ஆனால் முகத்தைப் பார்க்காமல் அனுப்பிவிட்டால் ஆயுசுக்கும் மருகுவான். அந்தப் பயத்தில்தான் வண்டிக்காரரிடம் போய் நின்றாள்.

"இன்னும் கொஞ்ச நேரம், அண்ணே."

"எனக்கு அடுத்த வீடு இருக்கும்மா."

ஒருவழியாகத் தம்பி வந்து சேர்ந்தான். முகமெல்லாம் கரி, காலில் கனத்த பூட்ஸ். யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் பெட்டியருகே மண்டியிட்டு, மூடியின் விளிம்பில் காதை வைத்தான்.

"காத்து உள்ள போகுதுக்கா. ரப்பர் சரியா உக்காரலை."

விரலால் அழுத்திக்கொண்டே பெட்டியைச் சுற்ற ஆரம்பித்தான். சித்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

"டேய், இது உன் தொட்டி இல்லடா! அம்மா முகத்தைப் பாரு!" என்றாள் அக்கா.

"இரு அக்கா... இந்த மூலை மட்டும்."

ஒரு சுற்று முடிந்து மறுபடியும் தொடங்கினான். ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது அக்காவுக்கு. கிட்டே போனாள். அவன் கண் ரப்பரை விட்டு அப்படி இப்படி அசையவில்லை. கட்டைவிரல் ஏற்கெனவே இறுகியிருந்த மூலையையே திரும்பத் திரும்ப அழுத்தியது.

அவள் மூடியைத் தூக்கினாள்.

"ஐயோ, திறக்காதக்கா!" என்று பதறினான்.

அவன் கையைப் பிடித்து இழுத்து அம்மாவின் கன்னத்தில் வைத்தாள்.

"ரொம்ப ஜில்லுனு இருக்குக்கா," என்றான்.

வெளியே மறுபடியும் ஹாரன் கேட்டது. அவள் மூடியை இறக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.