கூரைக் கண்ணாடி

பரராசசிங்கத்துக்குக் கால்வாய்ப் பாலத்தைத் தாண்ட உரிமை இல்லை. எண்பத்தேழாம் ஆண்டு ஜெர்மனியில் அசூல் என்கிற அகதித் தஞ்சம் கேட்டவன் தன் மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு மாவட்டம். ஏற்கெனவே ஒருமுறை ரயில் நிலையத்தில் பிடிபட்டுத் தண்டம் கட்டியிருந்தான். இன்னொருமுறை பிடிபட்டால் வழக்குத்தான், அசூலும் கெட்டுப்போகும் என்று வழக்கறிஞர் விரலை நீட்டிச் சொல்லியிருந்தார். அப்படியிருந்தும் அந்தச் சனிக்கிழமை சைக்கிளில் ஏறிப் பாலத்தைத் தாண்டிவிட்டான்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. வேலை செய்யவும் அனுமதி இல்லாமல், அகதிகள் விடுதிக் கட்டிலில் படுத்துப் படுத்து உடம்பே அலுத்துப்போயிருந்தது. முன்பு அதே விடுதியில் இருந்த அரியரத்தினம் அண்ணைக்கு விசா கிடைத்து, அக்கரையில் ஒரு தோட்டத்துண்டும் வாடகைக்குக் கிடைத்திருந்தது. வீதியோரம் எறிந்துகிடந்த பழைய யன்னல்களைப் பொறுக்கிச் சேர்த்துவிட்டு, "கண்ணாடிவீடு ஒண்டு கட்டுவம், வா. உந்தக் குளிருக்குள்ள மிளகாய் காய்க்கவேணுமெண்டா வேற வழியில்லை" என்று கூப்பிட்டார். கூப்பிட்டதும் ஓடிவந்துவிட்டான் மடையன்.

சுவர்கள் மத்தியானத்துக்குள் எழும்பிவிட்டன. கூரைக்கு ஆணி அடிக்கத் தொடங்கியபோது, அடுத்த தோட்டத்துக் கிழவர் வேலியோரம் வந்து தன் மணிக்கூட்டைத் தட்டித் தட்டிக் காட்டினார். ஒன்று முதல் மூன்றுவரை அங்கே யாரும் சத்தம் போடக் கூடாது என்பது அண்ணைக்குத் தெரியாது. மனிதர் அன்பாக நேரம் சொல்கிறார் என்று எண்ணி, பல்லைக் காட்டிக் கும்பிட்டுவிட்டு, முன்னிலும் ஓங்கி அடித்தார்.

கடைசி யன்னலைக் கூரையில் ஏற்றினார்கள். பரராசசிங்கம் வெளியே ஏணியில் நின்று அதைப் பிடித்திருந்தான். அண்ணை உள்ளே நின்று, அதைத் தாங்கும் சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தார். ஆணி பாதிதான் இறங்கியிருந்தது. பச்சை உடுப்புப் போட்ட பொலிஸ்காரன் ஒருவன் படலையைத் திறப்பதை அப்போதுதான் அவன் கண்டான்.

குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அண்ணை, பொலிஸ்."

"விட்டுட்டு ஓடு. பின்பக்கத்தால பாய்!"

"விட்டா உங்கட தலையிலதான் விழும்."

"என்ர தலை போனாப் போகுது. ஓடெடா!"

ஓடத்தான் கால் துடித்தது. ஆனால் கண்ணாடிக்குக் கீழே அண்ணாந்தபடி, வியர்த்து வழிந்த அண்ணையின் முகம் தெரிந்தது. அவனால் விட முடியவில்லை.

பொலிஸ்காரன் வந்தது சத்தத்துக்காக. கிழவர் முறைப்பாடு செய்திருந்தார். மூன்று மணிவரை அடிக்கக் கூடாது என்றான். மூன்று மணியாவதற்குக் கொஞ்ச நேரந்தான் இருந்தது. ஆனால் யன்னலோ பாதி ஆணியில் மாட்டிக்கொண்டு இறங்கவும் மாட்டேன் என்றது. ஏணி ஈர மண்ணில் ஒரு பக்கமாகப் புதைவதைக் கண்ட பொலிஸ்காரன், தொப்பியைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு, வந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டான்.

மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"இந்த ஊரில்தான் இருக்கிறீர்களா?" என்று பொலிஸ்காரன் மேலே பார்த்துக் கேட்டான்.

பரராசசிங்கம் வாய் திறக்குமுன், "என் தம்பி, என்னோடுதான் இருக்கிறான்" என்று அண்ணை உள்ளேயிருந்து ஜெர்மனில் கத்தினார்.

பொலிஸ்காரன் தலையாட்டினான். பிறகு, இதற்குள் என்ன வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டான்.

"மிளகாய்" என்றார் அண்ணை.

"உறைப்பானதா?"

"மெத்த உறைப்பு."

பொலிஸ்காரன் சிரித்தான். கை உளைவில் உயிர் போனாலும் பரராசசிங்கத்துக்கும் சிரிப்பு வந்தது. நல்ல மனிதன், இனிப் பயமில்லை என்று நெஞ்சு ஆறியது.

தேவாலயத்தில் மூன்று அடித்தது. கீழே கிடந்த சுத்தியலைப் பொலிஸ்காரனே எடுத்து நீட்டினான். ஆணி முழுதாக இறங்கியது. பரராசசிங்கம் படிப்படியாக இறங்கும்வரை அவன் ஏணியை விடவில்லை. கடைசிப் படியில் முழங்கையைப் பிடித்து இறக்கியும் விட்டான்.

"டாங்கே" என்று மனதார நன்றி சொன்னான் பரராசசிங்கம்.

"பரவாயில்லை. உங்கள் அடையாள அட்டையைக் காட்டுங்கள்."

கொடுத்தான். வேறென்ன செய்வது? பொலிஸ்காரன் மாவட்டத்தின் பெயரை வாசித்தான், பாலம் இருக்கும் திசையைப் பார்த்தான், பிறகு அந்த நீளமான பெயரை ஓர் எழுத்தும் பிழைக்காமல் பார்த்து எழுதிக்கொண்டான். தொப்பியைப் போட்டுக்கொண்டு, நல்ல வார இறுதி என்று வாழ்த்திவிட்டும் போனான்.

அண்ணை வெளியே வந்து புல்லில் தொப்பென்று இருந்தார். "நாசமாப் போவான்! நீயும் வாய் திறந்து திட்டனடா."

பரராசசிங்கம் வாயைத் திறந்தான். திட்டு வரவில்லை. அந்த மனிதன் ஏணியைப் பிடிக்காமல் நின்றிருந்தால் வாய் நிறையத் திட்டியிருக்கலாம். அதற்கும் வழி வைக்காமல் போய்விட்டான்.