ஒரே வாடகை கண்ட ஒற்றுமைச் சிங்கங்கள்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு பேனரிலிருந்து கிடைத்தது. எல்லாம் என் சொந்தக் கற்பனை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் முதல் பத்தியிலேயே பொய் சொன்னால் மூன்றாவது பத்தியில் மாட்டிக்கொள்வேன்.

ஒரத்தநாடு போகும் பஸ் ஓர் அறுப்பு மிஷினின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் பேனர் முழுக்க முகங்கள். மேலே, "ஒரே வாடகை கண்ட ஒற்றுமைச் சிங்கங்களே, வருக!" கீழே, நெல் அறுவடை இயந்திர உரிமையாளர்கள் சங்கம். இனி எவரும் எவரைவிடவும் குறைத்து வாங்குவதில்லை என்று கூடி முடிவெடுத்தவர்கள், தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட வாழ்த்து அது.

அதே வாரம் ஒரு விழிப்புணர்வுப் பத்திரிகையின் ஆசிரியர் தமிழரசன் கூப்பிட்டார். "சார், நுகர்வோர் பாதுகாப்பு, நியாயமான போட்டி, ரெண்டு சட்டமும் சாதாரண ஜனங்களுக்குப் புரியிற மாதிரி ஒரு கதை வேணும். கடைசில சட்டம் ஜெயிக்கணும், அவ்வளவுதான்."

சரி என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம்தான் அந்தச் சட்டங்களை வாங்கிப் படித்தேன்.

2.

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

"காவிரித் தாயின் மடியில் பொன்மணிகள் தலையசைக்க—" (வேண்டாம். அந்த மடியில் ஏற்கெனவே ஏகப்பட்ட எழுத்தாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு இடமில்லை.)

"தங்களுக்குள் பேசி விலையை நிர்ணயிக்கும் எந்தவோர் ஒப்பந்தமும், போட்டியின் மீது பாதகமான—" (இதைப் படித்துத் தூங்கிப்போன முதல் ஆள் நான்.)

"சாவித்திரி வரப்பில் நின்றாள்."

இது பரவாயில்லை. நிற்கட்டும்.

சாவித்திரி வரப்பில் நின்றாள். புருஷன் சிங்கப்பூரில் வெல்டிங் வேலை. நிலம் முழுக்க அவள் பொறுப்பு. சம்பா நெல் முற்றி அறுப்புக்குத் தயாராக இருந்தது. சுற்றிலும் எல்லா வயலும் அறுத்தாகிவிட்டது, அவள் வயலைத் தவிர. முந்தின நாள் காற்றில் ஒரு மூலை சாய்ந்துவிட்டது. வானமும் மூடிக்கொண்டு வந்தது. இன்னொரு மழை பெய்தால் சாய்ந்த கதிர் தண்ணீருக்குள்ளேயே முளைவிட்டுவிடும். அப்புறம் கொள்முதல் நிலையத்தில் அதைக் கையால்கூடத் தொட மாட்டார்கள்.

அவள் வயலுக்கு மட்டும் எந்த மிஷினும் வரவில்லை. காரணம், அவள் ஒரு கேள்வி கேட்டுவிட்டாள்.

3.

போன சாகுபடிப் பட்டத்தில் நெடுமாறன் என்பவன் தன் மிஷினைக் கொண்டுவந்து அறுத்தான். அந்த மிஷின் நெல்லில் ஒரு பங்கை வைக்கோலோடு சேர்த்து வெளியே துப்பியது. குருவிகளுக்குத் திருவிழா. நஷ்டத்துக்குப் பதில் சொல் என்றாள். அவன் சிரித்துவிட்டுப் போனான். சரி, இந்த முறை வேறு மிஷின் பார்க்கலாம் என்று விசாரித்தால் எல்லாரும் ஒரே வாடகை சொன்னார்கள். அதோடு, "அது நெடுமாறன் அறுக்கிற வயலாச்சே, நாங்க வரக் கூடாது" என்றார்கள்.

தஞ்சாவூரில் வக்கீலாக இருக்கும் அண்ணன் மகள் சுடர்விழிக்குப் போன் போட்டாள்.

"அத்தை, ஒருத்தர் காசை வாங்கிட்டு ஒழுங்கா வேலை செய்யலைன்னா அது நுகர்வோர் சட்டம். எல்லாரும் கூடிப் பேசி வச்சுக்கிட்டு ஒரே ரேட்டு சொன்னா அது போட்டிச் சட்டம். உங்களுக்கு ரெண்டுமே நடந்துருக்கு."

"ரெண்டுல எந்தச் சட்டம்டி வந்து அறுக்கும்?"

"சட்டம் அறுக்காது அத்தை."

[குறிப்பு: வியாபாரத்துக்காக ஒரு சேவையை வாங்குபவர் நுகர்வோர் இல்லை, சுயமாக உழைத்துப் பிழைப்பதற்காக வாங்குபவர் நுகர்வோர். ஆகவே விவசாயத்தை வைத்துத் தான் பெரிய லாபமெல்லாம் பார்க்கவில்லை என்று சாவித்திரி சொல்ல வேண்டியிருக்கும். இந்த ஒரு விஷயத்தில் அவளுக்குச் சாட்சி சொல்ல டெல்டாவே திரண்டு வரும்.]

"ஆனா கூடிப் பேசுனாங்கன்னு காட்டணுமே அத்தை. அதுதான் கஷ்டம். பெரிய கம்பெனிக்காரங்கன்னா கதவைச் சாத்திக்கிட்டுப் பேசுவாங்க, ஒரு துரும்பும் சிக்காது."

"இங்க ரோட்டு முக்குலயே பேனர் வச்சிருக்காங்களே, போட்டோவோட."

அந்தப் பக்கம் சுடர்விழி சிரித்தாள். சட்டக் கல்லூரியில் யாரும் அவளுக்கு இவ்வளவு சுலபமான கேஸ் சொல்லிக்கொடுத்ததில்லை.

டெல்லியில் இருக்கும் போட்டி ஆணையத்துக்குப் புகார் தயாரானது. அது ஊரைவிட்டுக் கிளம்புவதற்குள் செய்தி சங்கத்துக்குப் போய்விட்டது. அன்றிலிருந்துதான் சாவித்திரியின் வயல் எந்த மிஷின்காரர் கண்ணுக்கும் தெரியாமல் போனது.

4.

சங்கச் செயலாளர் பகலவனை முதலில் முறுக்கு மீசை, மைனர் செயின், உருட்டும் விழி என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். புயல் அடித்த வருஷம் சாவித்திரி வீட்டு வாசலில் விழுந்த மரத்தைக் கூப்பிடாமலே வந்து அறுத்து அப்புறப்படுத்தியவர் அவர். ஓர் ஆள் நல்லவராகவும் விலையைப் பேசி வைத்தவராகவும் ஒரே சமயத்தில் இருக்கலாம். சட்டத்துக்கு இதில் சிரமமில்லை, கதை எழுதுபவனுக்குத்தான் கஷ்டம்.

சாவித்திரி அவர் ஷெட்டுக்குப் போனாள். சங்கத்து ஆட்கள் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, கதிர் சாயுதுண்ணே. ஒரு மிஷின் அனுப்புங்க."

"அதுக்கென்ன தங்கச்சி, அனுப்பிடலாம். அந்தப் புகாரைக் கிழிச்சுப் போட்டுட்டு வா."

"நீங்க செஞ்சது தப்பில்லையாண்ணே?"

"ஒத்துமையா இருக்கிறது தப்பாம்மா?" பகலவனுக்கு நிஜமாகவே மனம் நொந்துபோனது. "தப்புன்னா நாங்க பேனர் வைப்போமா?"

சாவித்திரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த ஆத்திரத்தில், சுடர்விழி போகிற போக்கில் சொன்னது ஒன்று வாயில் வந்துவிட்டது.

"சரிண்ணே. ஆனா ஒண்ணு. உங்கள்ல யார் முதல்ல ஆணையத்துகிட்ட போய் நடந்ததைச் சொல்றாங்களோ, அவங்களுக்கு அபராதத்துல பெரிய சலுகை கிடைக்குமாம். ரெண்டாவதா போறவங்களுக்கு அதைவிடக் கம்மியாம். கடைசியா போறவங்க—"

அவள் முடிக்கவில்லை. எனக்கும் முடிக்கத் தோன்றவில்லை. ஷெட்டில் ஒருவர்கூட டீயை உறிஞ்சவில்லை. சிங்கங்கள் ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்த்தன.

பகலவன் எழுந்து நின்றார். "யாரும் போகக் கூடாது! போறதா இருந்தா எல்லாரும் ஒண்ணா, முதல்ல போவோம்!"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. (இதற்கும் ஒரு பேனர் அடிக்கலாமா என்று ஒருவர் கேட்டதாக எழுதினேன். மிகையாக இருக்கிறது என்று எடுத்துவிட்டேன். பிறகு விசாரித்ததில் மிகை இல்லை என்றார்கள்.)

5.

இனி முடிவு.

தமிழரசன் கேட்ட முடிவு: ஆணையம் விசாரிக்கிறது, அபராதம் விதிக்கிறது, சட்டம் ஜெயிக்கிறது. நல்ல முடிவுதான். ஆனால் நோட்டீஸ், பதில், விசாரணை எல்லாம் முறைப்படி நடந்து வரும்வரை நெல் காத்திருக்காது. நெல்லுக்குச் சட்டம் தெரியாது.

ஊரில் வழக்கமாக நடக்கிற முடிவு: "சாவித்திரி புகாரை நாலாகக் கிழித்து வாய்க்காலில்—" (எழுதக் கை வரவில்லை. அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனசே இல்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.)

மூன்றாவது, தானாகவே நடந்தது. மறுநாள் காலை கிழக்கு வரப்போரம் ஒரு மிஷின் வந்து நின்றது. நெடுமாறன் குதித்து இறங்கினான்.

"அக்கா, நடந்ததைச் சொல்ல நான்தான் முதல்ல வந்தேன்னு வக்கீல் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க."

அவன் சொல்லி முடிப்பதற்குள் மேற்கே வாய்க்கால் கரையில் இன்னொரு மிஷின் சத்தம். சாட்சாத் பகலவன்.

"தங்கச்சி, செயலாளர் நான் இருக்கும்போது அவன் எப்படி முதல் ஆளு? முதல்ல சொல்ற உரிமை எனக்குத்தான்!"

நாதியற்றுக் கிடந்த வயலுக்கு இரண்டு மிஷின்! சாவித்திரி பல நாளுக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. போட்டி வந்துவிட்டது, சட்டம் ஜெயித்துவிட்டது, முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத் தமிழரசனுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று பேனாவை ஊன்றினேன்.

அப்போது அவள் கேட்டாள்.

"சரி, வாடகை என்ன சொல்றீங்க?"

கிழக்கு வரப்பிலிருந்தும் மேற்குக் கரையிலிருந்தும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதே வாடகை. ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

சாவித்திரியின் சிரிப்பு நின்றது. அவள் கையில் இருந்த போனில் சுடர்விழி, "அத்தை, புகாரை அனுப்பட்டுமா, வேண்டாமா? அத்தை, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு எஞ்சின்களும் உறுமிக்கொண்டு நின்றன. போன் பிடித்திருந்த கையின் மேல் முதல் சொட்டு விழுந்தது.

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. சாய்ந்து கிடப்பது உங்கள் நெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் கை காட்டுவீர்கள், சுடர்விழிக்குப் போனில் என்ன சொல்வீர்கள்?

கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். இங்கே மழை வலுக்கிறது.